மசாத்தோவின் சாதகம்

பிறந்தநாள்காரன் இல்லாமல் கேக் வெட்டுகிற வீட்டை ஜெயரட்ணம் அறுபத்தெட்டு வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தார். அதுவும் அடுத்தவன் வீடில்லை. மெல்பேண் நோபல் பார்க்கில், சொந்த மகளின் குசினி.

வேலையால் வந்த கையோடு சிவகௌரி கேக்கை மேசையில் வைத்தாள். மெழுகுதிரி கொளுத்தினாள். மடிக்கணினியைத் திறந்து சீனிப் போத்தலில் சாத்தி வைத்தாள். அதற்குள்ளே இரண்டு பெண்கள் வந்து கையாட்டினார்கள். ஒருத்தி வெள்ளைக்காரி, மற்றவள் சீனத்தியோ கொரியாக்காரியோ. மூன்று பேருமாகப் பிறந்தநாள் பாட்டைப் பாடினார்கள். பெயர் வருகிற இடத்தில் "மசாத்தோ" என்று வந்தது. பிறகு கௌரி தானே திரியை ஊதினாள், தானே வெட்டினாள், முதல் துண்டை ஒரு தட்டில் வைத்து யாருமில்லாத கதிரைக்கு முன்னால் தள்ளினாள்.

ஜெயரட்ணம் கதவு நிலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"ஆருக்குப் பிள்ளை பிறந்தநாள்?"

"மசாத்தோவுக்கு, அப்பா."

"அது ஆர்?"

"உங்களுக்குத் தெரியாது. எனக்குப் பதினஞ்சு வயசில இருந்து தெரியும்."

"எங்கத்தை ஆள்?"

"யப்பான். ஒசாக்கா." கௌரிக்குச் சிரிப்பு. "எழுபத்திமூண்டாம் ஆண்டு, விடிய நாலரை மணிக்குப் பிறந்தவர். பெரிய புயலாம். அதைச் சொல்லாத இடமில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாப் போச்சு."

கணினிக்குள்ளிருந்த வெள்ளைக்காரி ஏதோ சொன்னாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெயரட்ணம் தன் துண்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். கேக் நல்ல கேக்தான். பாதியோடு வைத்துவிட்டார்.

இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் விசயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் கேட்கிற ஆளில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, முப்பது வருசம் லொறி ஓடினவர். வழிமறித்துச் சோதிக்கிற ஒவ்வொரு சென்றிப் பொயின்றிலும் கேள்வி கேட்டவனும் பொய் சொன்னான், மறுமொழி சொன்னவனும் பொய் சொன்னான். கேட்டால் மனிசர் மறைப்பார்கள், பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியவேண்டியது தெரியவரும் என்பது அவருடைய எண்ணம். மகளென்றாலும் மனிசிதானே. அதுவும் பதினாலு வயதில் தாயோடு இங்கே வந்து சேர்ந்தவள். அவர் வன்னியில் அகப்பட்டு, சண்டை எல்லாம் முடிந்து, போன வருசம்தான் வந்தவர். வந்தபோது மனைவி உயிரோடு இல்லை. முப்பத்தொரு வயதில் ஒரு பெண் நின்று "அப்பா" என்றாள். இடையில் பதினேழு வருசம் அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் படத்தில் பார்த்ததுதான்.

சங்கடம் என்னவென்றால், அந்தக் கிழமைதான் அவர் ஒரு இடத்துக்கு வாக்குக் கொடுக்க இருந்தார். கிளென் வேவர்லியில் இளங்கீரன் என்றொரு பொடியன். பொடியன் என்றாலும் முப்பத்தாறு. கழிவுநீர்க் குழாய் போடுகிற இடத்தில் எஞ்சினியர். தாய் இராஜேஸ்வரி, கண்டிப்பான மனிசி. மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை இரஞ்சிதம் டண்டினோங்கிலிருந்து பேசிக் கொண்டுவந்த சம்பந்தம் அது. இரண்டு பேரும் ஒருநாள் பார்த்துக் கதைத்தும் விட்டார்கள். சாதகம் மட்டும் பார்த்து மறுமொழி சொல்லவேண்டும். அந்த நேரத்தில் இப்படியொரு மசாத்தோ.

நினைத்தபடி வாக்கைக் கொடுத்துவிட்டு, மணவறையில் வைத்துப் பெட்டை மாட்டேன் என்றால்? கொடுக்காமல் விட்டு நல்ல இடம் கைநழுவிப் போனால்? அவருக்கு ஒரு பக்கமும் தெளியவில்லை.

சனிக்கிழமை பாஸ்கரிடம் போனார். பாஸ்கர் கிழமை நாளில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓடுகிறவன். சனி ஞாயிறில் வீட்டுக் கராஜுக்குள் மேசை போட்டு, கணினியில் சாதகம் கணிப்பான். பின்னால் அவனுடைய பிள்ளைகளின் சைக்கிள்கள், முன்னால் பிள்ளையார் படம்.

"பெண்ணின்ர குறிப்பு என்னட்ட இருக்கண்ணை. மாப்பிள்ளையின்ரயைச் சொல்லுங்கோ."

"ரெண்டு பேரின்ர இருக்கு. முதலாவது கிளென் வேவர்லி."

பாஸ்கர் தட்டினான். உதட்டைப் பிதுக்கினான். "பத்துக்கு ஆறு. செய்யலாம். குறையெண்டு சொல்ல ஒண்டுமில்லை. ஆகா எண்டும் சொல்லேலாது."

"மற்றது எழுபத்திமூண்டு, செப்டெம்பர் பன்ரெண்டு, விடிய நாலரை. ஊர் ஒசாக்கா."

"ஒசாக்காவோ?" பாஸ்கர் திரும்பிப் பார்த்தான். "அண்ணை, யப்பானிலயும் எங்கட ஆக்கள் இருக்கினமே?"

"நீ பாரன்."

பாஸ்கர் பார்த்தான். ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடியும் தட்டிப் பார்த்தான். கதிரையை இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஒன்பது. இப்பிடி ஒரு பொருத்தம் நான் இந்தக் கராஜுக்குள்ள கண்டதில்லை. ஆயுசும் கெட்டி. லேசில சாகமாட்டார். ஆர் அண்ணை அந்தப் பொடியன்?"

"எனக்குத் தெரிஞ்சால் நான் ஏன் உன்னட்ட வாறன்" என்று சொல்லிவிட்டு ஜெயரட்ணம் எழும்பினார்.

மனிசரை நம்பாதவர் கிரகத்தை நம்பினார். சனிக்கும் வியாழனுக்கும் அவரிடம் பொய் சொல்லி ஒரு லாபமுமில்லை.

வீட்டுக்கு வந்தபோது கௌரி கடைக்குப் போயிருந்தாள். அவளுடைய அறைக் கதவு திறந்து கிடந்தது. மகளின் அறைக்குள் போகிற வழக்கம் அவருக்கில்லை. வாசலில் நின்றபடி தலையை மட்டும் நீட்டினார். கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு பெரிய படம். கையால் கீறினது. நெடுநெடுவென்று ஒருவன், கண்ணுக்குள் நட்சத்திரம், நெற்றியில் விழுந்த மயிர், நாடகக் கூத்தாடி மாதிரி ஒரு பார்வை. சரி, இவன்தான் ஆள். ஆளைப் படமாகக் கீறுவித்து மாட்டியிருக்கிறாள்.

ஆனால் படத்தில் அவனுக்குப் பக்கத்தில் இன்னொன்று நின்றது. முழங்கால் உயரம். கொழுக்கட்டை மாதிரித் தலை, அதில் இரண்டு புள்ளிக் கண், வாய் ஒரு கோடு. உடம்பைவிடத் தலை பெரிது. பெரியவன் போட்டிருந்த அதே சட்டை, அதே மயிர்.

பிள்ளை! தகப்பனை உரித்து வைத்தது மாதிரி ஒரு பிள்ளை. தாயைக் காணவில்லை. அப்படியென்றால் பெண்சாதி செத்துப்போனவனோ, விட்டுவிட்டுப் போனவனோ. பிள்ளைக்குத் தலையில் ஏதும் வருத்தமோ. அதுதான் கௌரி வாய் திறக்காமல் இருக்கிறாளோ.

அன்றைக்குப் பின்னேரம் முழுவதும் அவர் முன்னறையில் உட்கார்ந்து யோசித்தார். யப்பான்காரன், பிள்ளைக்காரன். ஆனால் ஒன்பது பொருத்தம். பதினஞ்சு வயதிலிருந்து பழக்கம். வராத ஆளுக்கு முதல் துண்டு வெட்டி வைக்கிற பெட்டை வேறு ஒருத்தனுக்கு எப்படிக் கழுத்தை நீட்டுவாள்? அவள் வளர்கிற காலத்தில் பக்கத்தில் இல்லாத தகப்பன், இப்போது வந்து அதை மறி, இதைக் கட்டு என்று நின்றால் எடுபடுமோ? அவருக்கு மண்டை காய்ந்தது. கடைசியில் போனை எடுத்து இரஞ்சிதத்துக்கு அடித்தார்.

"இரஞ்சிதம், அந்தக் கிளென் வேவர்லி ஆக்களுக்குச் சரிவராதெண்டு சொல்லிவிடு."

"என்ன அத்தான், ஏன்? சாதகம் பிழையோ?"

"சாதகம் பிழையில்லை. பிள்ளைக்கு மனம் வேற இடத்தில. யப்பான்காரன். அவன்ர சாதகமும் பார்த்தனான்."

"யப்பான்காரனோ!"

"ஒரு சின்னப் பிள்ளையும் இருக்குப்போல" என்று ஜெயரட்ணம் சேர்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், தெரிந்ததை முழுதாகச் சொன்னார். "தலை கொஞ்சம் பெருசு."

"ஐயோ அத்தான்!"

அதற்குப் பிறகு மெல்பேணில் அந்தக் கதைக்குக் கால் முளைத்தது. வெள்ளிக்கிழமை கோயிலில் கௌரியைக் கண்ட இரண்டு அன்ரிமார் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசைத் தளரவிடாத பிள்ளை, தாயில்லாததுகளை வளர்க்கிறது புண்ணியம்" என்றார்கள். மூன்றாமவள் தலை பெருத்த பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு டொக்டரின் பெயரைச் சொன்னாள். கௌரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. காருக்குள் வந்திருந்து இரஞ்சிதத்துக்குப் போன் எடுத்தாள். எல்லாம் விளங்கியது.

வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூட வைக்கவில்லை.

"அப்பா, நீங்கள் இரஞ்சிதம் அன்ரிக்கு என்ன சொன்னனீங்கள்?"

"உள்ளதைச் சொன்னனான்."

"என்ன உள்ளது?"

"மசாத்தோ. அவன்ர பிள்ளை. நான் குறுக்க நிக்கமாட்டன் பிள்ளை. பாஸ்கர் பார்த்தவன். ஒன்பது பொருத்தம்."

கௌரி அவரையே பார்த்தாள். பிறகு குசினி நிலத்தில் அப்படியே குந்தினாள். முதலில் அழுகிறாள் என்றுதான் ஜெயரட்ணம் நினைத்தார். அவள் சிரித்தாள். கண்ணால் தண்ணி ஓட, மூச்சு வாங்க, அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, மசாத்தோ எண்டு ஒரு மனிசன் இல்லை. அது படக்கதை. பொம்பிளைப் பிள்ளையள் வாசிக்கிற யப்பான் பகிடிப் புத்தகம்."

"படக்கதையோ? படக்கதையில வாறவனுக்குப் பிறந்த நேரம் ஏது?"

"எழுதினவ குடுத்தது. அந்த நாட்டில அப்பிடித்தான். கதையில வாறவைக்குப் பிறந்தநாள், ரத்த வகை, ஊர் எல்லாம் இருக்கும்."

"அப்ப பாஸ்கர்?"

"பாஸ்கருக்கு என்ன தெரியும்! நீங்கள் குடுத்த திகதியைத் தட்டியிருப்பான்."

"பிள்ளை?"

"எந்தப் பிள்ளை?"

"சுவரில. பக்கத்தில நிக்குது. கொழுக்கட்டைத் தலை."

அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. "அதுவும் மசாத்தோதான் அப்பா. வெக்கம் வந்தால், கோபம் வந்தால், மடையன் பட்டம் வாங்கினால் அப்பிடிச் சின்னதாப் போவார். அடுத்த படப்பெட்டியில பழையபடி வடிவா வந்திடுவார்."

"ஒரு ஆளுக்கு ரெண்டு முகமோ?"

"ஓம்."

"அப்ப அவனை நம்பேலாது" என்றார் ஜெயரட்ணம்.

கௌரி எழும்பித் தேத்தண்ணி வைத்தாள். வைத்துக்கொண்டே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் யப்பான் பாஷை ஒரு பாடமாக இருந்ததாம். பாடம் படிப்பிக்க ரீச்சர் ஒரு பழைய தொடரைக் கொண்டுவந்து தந்தாவாம். குமிக்கோ என்றொரு பெட்டையின் வீட்டில் குளியல் கடை நடத்துகிறார்கள்.

"காசு குடுத்துக் குளிக்கிறதோ?" ஜெயரட்ணம் இடையில் கேட்டார். "அங்க கிணறு இல்லையோ?"

"கேளுங்கோவன் அப்பா. அதைக் கீறினவ அப்ப இருபது வயசுப் பெட்டை. ஒரு குளியல் கடைக்கு மேல் வீட்டில வாடகைக்கு இருந்தவ. பெட்டையளின்ர மாசப் பத்திரிகைக்காரர், வாசிக்கிற பிள்ளையள் அழவேணும், அப்பிடி ஒரு கதை தா எண்டு கேட்டவை. அவ குமிக்கோவுக்கு நெஞ்சு வருத்தம் குடுத்திட்டா. மூண்டாம் மாசம் சாகவேணும். மசாத்தோ கட்டிலடியில நிண்டு அழவேணும்."

"பகிடிப் புத்தகம் எண்டாய்?"

"அதுதான் பகிடி. தாள் குடுக்கிற கடைசி நாள். பத்திரிகைக் கந்தோரில இருந்து ஒரு மனிசன் வந்து வாசலில குந்தியிருக்கிறான், தாளை வாங்கிக்கொண்டுதான் போவன் எண்டு. உதவிக்கு வந்த சிநேகிதியள் ரெண்டு பேரும் மை பூசின கையோட தூங்கிப் போச்சினம். இவவுக்கு நாலு நாளா நித்திரை இல்லை. கண்ணிமை கீற ஏலேல்லை, மூக்குக் கீற ஏலேல்லை. ஒரு வட்டம், ரெண்டு புள்ளி, ஒரு கோடு. எல்லாரையும் கொழுக்கட்டையாக் கீறிக் குடுத்திட்டா. மசாத்தோவும் கொழுக்கட்டை, குமிக்கோவும் கொழுக்கட்டை. வேலை போச்செண்டுதான் நினைச்சவ."

"போகேல்லையோ?"

"வாசிச்ச பிள்ளையளெல்லாம் தபாலட்டை போட்டுதுகள். கொழுக்கட்டையைத் திருப்பிக் கீறுங்கோ, குமிக்கோவைச் சாகவிடாதேங்கோ எண்டு. அடுத்த மாசம் குமிக்கோ எழும்பி இருந்து, அது நெஞ்சு வருத்தமில்லை, சவுக்காரத் தண்ணி புரைக்கேறினது எண்டாள். அதுக்குப் பிறகு பதினொரு வருசம் ஓடினது அந்தக் கதை."

ஜெயரட்ணம் தேத்தண்ணியை ஊதினார். சாக இருந்தவளை ஒருத்தியின் நித்திரைக் கலக்கம் பிழைக்க வைத்ததோ? அவருக்கு அது சரியான விசயமாகத் தெரியவில்லை. கணக்கில் எங்கோ ஏமாற்று இருக்கிறது.

"இதை நீ பதினஞ்சு வயசில இருந்து வாசிக்கிறாயோ?"

"நான் மட்டுமில்லை. அம்மா அடுப்படியில நிப்பா, நான் பக்கத்தில நிண்டு தமிழில சொல்லுவன். அம்மா வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிப்பா."

"ஆர், உன்ர அம்மாவோ?"

"ஓம்."

ஜெயரட்ணத்துக்குத் தெரிந்த மனைவி வாய்விட்டுச் சிரித்தவளில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்துகிறவள். இது வேறு யாரோ ஒரு மனிசியின் கதை மாதிரி இருந்தது.

"கேக் வெட்டுறதும் அம்மா துவக்கினதுதான்" என்றாள் கௌரி, சட்டியைத் துடைத்துக்கொண்டு. "உங்கட பிறந்தநாளுக்கு ஒண்டும் செய்ய விடமாட்டா. ஆள் இருக்கோ இல்லையோ எண்டு தெரியாமல் என்னத்தை வெட்டுறதெண்டு கேப்பா. உவனுக்கெண்டா வெட்டு, உவன் சாகமாட்டான் எண்டு சொல்லுவா."

அவர் தேத்தண்ணியைக் குடித்தார். சூடு நாக்கைச் சுட்டது.

"சரி. படக்கதையெண்டா நல்லதாப் போச்சு. இரஞ்சிதத்துக்குச் சொல்லி அந்தக் கிளென் வேவர்லிக்கு ஓமெண்டு..."

"இனி என்ன ஓம்!" கௌரியின் குரல் மாறிப்போனது. சட்டியை டங்கென்று வைத்தாள். "நான் ஓம் சொல்லத்தான் இருந்தனான். எனக்கு அவரைப் பிடிச்சிருந்தது. ரெண்டு மூண்டு தரம் போனில கதைச்சம். குழாய்க்குள்ள விழுந்த கதையெல்லாம் சொல்லுவார். இப்ப என்ர போனை எடுக்கிறாரில்லை."

"என்னட்ட நீ ஒண்டும் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லையே அப்பா!"

உண்மைதான். அவர் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்ததெல்லாம் சரியாகத்தான் பார்த்தார்: கேக்கும் உண்மை, படமும் உண்மை, பொருத்தமும் உண்மை. எல்லாம் உண்மையாக இருக்க, கூட்டினால் எப்படிப் பொய் வந்தது?

"நான் போய்ச் சொல்லுறன்."

"என்னெண்டு? என்ர மகளைப் பொம்மைக்குப் பேசினனான் எண்டோ? வேண்டாம். இருக்கிற மானமும் போயிடும். இதை இதோட விடுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை கௌரி எழும்புவதற்கு முன்னமே ஜெயரட்ணம் அவளுடைய புத்தகத் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, மரக்கறிப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். காரில் போனால் பதினைந்து நிமிசம். அவருக்குத் தெரிந்தது ரயில் மட்டும். ரிச்மண்டுக்குப் போய், இறங்கி, வேறு ரயில் பிடித்து, வந்த வழிக்கே பக்கத்தால் திரும்பிப் போகவேண்டும். இந்த ஊரில் பக்கத்து இடத்துக்குப் போவதற்கு ஏன் இவ்வளவு தூரம் போகவேண்டுமென்று ஒருவனும் அவருக்கு இன்னும் விளங்கப்படுத்தவில்லை.

ரயிலில் புத்தகத்தைத் திறந்து, தமிழ்ப் புத்தகத்தைப் பார்ப்பது போல இடப்பக்கத்திலிருந்து படங்களைப் பார்த்துக்கொண்டு போனார். மசாத்தோ இருந்தான், வடிவாகவும் கொழுக்கட்டையாகவும். ஆனால் நடந்தது ஒன்றும் முறையாக இல்லை. முன்னால் இருந்த வெள்ளைக்காரப் பெட்டை புத்தகத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தாள். அவர் பையால் மறைத்துக்கொண்டார்.

கிளென் வேவர்லியில் கதவைத் திறந்தது இராஜேஸ்வரி. ஆளைக் கண்டதும் முகம் இறுகிப்போனது.

"வாங்கோ அண்ணை. யப்பானுக்கு ரிக்கெற் எடுத்தாச்சோ?"

"அப்பிடி ஒருத்தன் இல்லையம்மா."

"விட்டிட்டுப் போயிட்டானோ? அதுதான் எங்களைத் தேடி வந்தனீங்களோ?"

"விட்டிட்டுப் போக அவன் பிறக்கவே இல்லை." ஜெயரட்ணம் உள்ளே வந்து கதிரையில் இருந்து, பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டார். "இந்தா. இவன்தான் மாப்பிள்ளை."

இராஜேஸ்வரி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "என்ன இது?"

"படக்கதை. பகிடி. இவன் மசாத்தோ."

"இது?"

"இதுவும் அவன்."

"இது கொழுக்கட்டையெல்லோ?"

"வெக்கம் வந்தால் அப்பிடிப் போவானாம். நான் அதைப் பிள்ளையெண்டு நினைச்சுப்போட்டன்."

இராஜேஸ்வரி கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தாள். "அண்ணை, நீங்கள் என்னை மடைச்சியாக்கப் பாக்கிறியளோ?"

நம்பாதவரைக் கண்டால் ஜெயரட்ணத்துக்கு மரியாதை வரும். ஆனால் அந்த இடத்தில் அந்த நம்பாமை அவரிடமே திரும்பி நின்றது. ஒரு மனிசியை நம்பவைக்க என்ன செய்யவேண்டுமென்று அவருக்குத் தெரியாது. வாழ்நாளில் செய்து பார்த்ததில்லை. புத்தகத்தை விரித்து, ரயிலில் கண்டதைச் சொல்லத் தொடங்கினார்.

"கேளுங்கோ. இவன் முதல் தண்ணித் தொட்டிக்குள்ள தலைகீழாக் கிடக்கிறான். பிறகு வெளிய பறந்து வாறான். வந்து பொம்பிளையளின்ர பக்கத்தில நிக்கிறான். அதுகள் வாளியால எறியுதுகள். பிறகு வாளியெல்லாம் கைக்குப் போகுது. பிறகு இவன் சவுக்காரத்தை மிதிக்கிறான். கடைசியில பூக்கொத்தோட வாசலுக்குப் போய், சீப்பால தலை இழுத்துக்கொண்டு நிக்கிறான். ஏனெண்டு எனக்குத் தெரியாது."

இராஜேஸ்வரியின் உதடு துடித்தது. அவள் அடக்கிப் பார்த்தாள். "வாளி கைக்குப் போகுதோ?"

"ஓம். எறிஞ்ச வாளி திரும்பிப் போகுது."

அவள் கதிரையில் சாய்ந்து சத்தமாகச் சிரித்தாள். ஜெயரட்ணம் திகைத்துப்போய்ப் பார்த்தார். தான் என்ன பகிடி விட்டாரென்று அவருக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு இளங்கீரன் உள்ளேயிருந்து வந்தான். உயரமில்லை, முன்மண்டையில் மயிர் குறைவு. ஜெயரட்ணத்தைக் கண்டதும் நின்றுவிட்டான். தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசயத்தைச் சொன்னாள். அவன் புத்தகத்தை எடுத்து, மற்றப் பக்கத்திலிருந்து திறந்தான்.

"அங்கிள், இது வலப்பக்கத்தால வாசிக்கிறது. நீங்கள் முடிவில இருந்து சொல்லியிருக்கிறியள்."

"உனக்கு இது தெரியுமோ?"

"கௌரி சொன்னவ. போனில. குளியல் கடைக் கதை. எனக்கு ஆளின்ர பேர் தெரியாது." அவன் புத்தகத்தை மூடினான். முகத்தில் சிரிப்பில்லை. "நான் கோவிக்கேல்லை அங்கிள். அவ ஒரு ஆளை விரும்பினா அது அவவின்ர விசயம். ஊரெல்லாம் சொல்லி, கடைசியா எனக்குத் தெரிய வந்ததுதான்... நான் என்ன பேயன் மாதிரிக் குழாய்க் கதை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறன் எண்டு வெக்கமாப் போச்சு. அதுதான் போனை எடுக்கேல்லை."

"அவளுக்கு ஒண்டும் தெரியாது தம்பி. எல்லாம் நான் பார்த்த வேலை. அவள் ஓமெண்டு சொல்ல இருந்தவள். நான் கேக்கேல்லை."

"ஓமெண்டோ?"

"குழாய்க் கதை பிடிச்சதாம்."

இளங்கீரனுக்குக் காது சிவந்தது. அந்த நேரத்தில்தான் இராஜேஸ்வரி கேட்டாள், "அது சரி அண்ணை. சாதகம் பார்த்தனீங்கள் எண்டு இரஞ்சிதம் சொன்னவ. அந்தப் பொம்மைக்கு எத்தினை பொருத்தம்?"

"ஒன்பது."

"என்ர பிள்ளைக்கு?"

வேறு ஒருவன் என்றால் எட்டென்று சொல்லியிருப்பான். "ஆறு" என்றார் ஜெயரட்ணம்.

இராஜேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினாள். "உயிரோட இருக்கிற என்ர பிள்ளைக்கு ஆறு. கடதாசிக்கு ஒன்பதோ?"

"நான் என்ன செய்ய? கிரகம் சொன்னது."

"அம்மா," என்றான் இளங்கீரன், "ஆறு பாஸ்தானே." கார்த் திறப்பை எடுத்தான். "வாங்கோ அங்கிள், நான் உங்களைக் கொண்டே விடுறன்."

கார் பதினைந்து நிமிசத்தில் நோபல் பார்க்குக்கு வந்துவிட்டது. வழியெல்லாம் அவன் ஒன்றும் கதைக்கவில்லை. அது சம்மதமோ, கிழவனை மரியாதையாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கைகழுவுகிற வேலையோ என்று ஜெயரட்ணத்தால் பிடிக்க முடியவில்லை. கேட்கலாமென்று இரண்டுதரம் வாயைத் திறந்தார். மூன்றாம் தரம் கேட்டேவிட்டார்.

"தம்பி, இப்ப உன்ர மனசில என்ன?"

"பயம் அங்கிள்" என்றான் அவன்.

கௌரி வாசலில் நின்றாள். தகப்பனைக் காணாமல் தேடியிருப்பாள் போல, தலை சீவி இழுக்கவில்லை, காலில் செருப்பு மாறியிருந்தது. காரிலிருந்து இறங்கியவனைக் கண்டதும் அப்படியே நின்றாள். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். முதலில் அவள் கோபமாக ஏதோ சொன்னாள். அவன் கையை விரித்தான். பிறகு அவன் மெதுவாக ஏதோ சொன்னான். அவள் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெயரட்ணம் பையோடு நடுவில் நின்றார். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"என்னவாம்?" என்று கேட்டார். இனிக் கேட்பதென்று முடிவெடுத்த மனிசன்.

"ஓமாம் அப்பா" என்றாள் கௌரி. "நானும் ஓம்."

"அங்கிள், இரஞ்சிதம் அன்ரிக்கு இப்பவே ஒரு போன் எடுங்கோ" என்றான் இளங்கீரன். "ஊர் முழுக்கச் சொல்லி முடிக்க அவவுக்கும் நேரம் வேணும்."

ஜெயரட்ணம் உள்ளே போய்ப் போனை எடுத்தார். படக்கதை, கொழுக்கட்டை, வலப்பக்கம், இடப்பக்கம் என்று எங்கே தொடங்குவது? இரஞ்சிதத்துக்கு இதை விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் கலியாணமே முடிந்துவிடும்.

"இரஞ்சிதம், கிளென் வேவர்லி சரிவந்திட்டுது. ரெண்டு பேரும் ஓம்."

"அப்ப அந்த யப்பான்காரன்?"

"இல்லை."

"இல்லையெண்டா? போயிட்டானோ?"

"ஓம், அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளன்."

"பிள்ளை அத்தான்? அந்தத் தலை பெருத்த பிள்ளை?"

ஜெயரட்ணம் ஜன்னலால் வெளியே பார்த்தார். புத்தகத்தைக் காரின் முன்மூடியில் விரித்து வைத்து, கௌரி ஒரு படப்பெட்டியைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இளங்கீரன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுவும் அவனோட போயிட்டுது."

"ஐயோ, தாயில்லாத பிள்ளை. பாவமெல்லோ அத்தான்."



"ஓம்" என்றார். "எனக்கும் அது பாவமாத்தான் கிடக்கு."